காய்ச்சலுக்கு ஒரு சங்கிலி ஜெபம்

பாம்பன்
14.5.2025, புதன்

அன்புள்ள ஜெபாவுக்கு,

பெலிக்ஸ் எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். ஸ்ரீவில்லிபுத்தூரில் நீயும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் கடைசியாக நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "வாயால பேசினா நீங்க ஜெயிச்சிருவிய. எதுனாலும் எழுதுங்க" என்றாய். சொல்லி ஆறு வாரம் ஆகிறது. மில்லில் ஷிப்டுக்கு ஆள் பிரித்து எழுதுவதைத் தவிர வேறு எதையும் எழுதிப் பழகாதவன், இப்போதுதான் துணிந்து பேனா எடுத்திருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

வாலிபர் ரிட்ரீட்டுக்கு இந்த வருஷம் முப்பத்தெட்டுப் பேர் வந்திருக்கிறார்கள். நேற்று விடிகாலையில் ராஜபாளையத்தில் பஸ் ஏறி, பத்தரைக்கெல்லாம் பாம்பன் பாலத்துக்கு வந்துவிட்டோம். புது ரயில் பாலத்தைப் போட்டோ எடுக்க வேண்டும் என்று ஒரே கூச்சல். டிரைவர் மாரிசாமி பாலத்தில் நிறுத்த முடியாது என்று முதலில் முறுக்கிக்கொண்டார், பிறகு அவரே இறங்கி ஐந்து நிமிஷம் செல்பி எடுத்தார். சேத்தூர் மாரிசெல்வியை உனக்கு ஞாபகம் இருக்கும். ஸ்பின்னிங்கில் என் ஷிப்டில் வேலை பார்க்கிற பிள்ளை, போன கிறிஸ்துமசுக்கு நீ சுடிதார் தைத்துக் கொடுத்தாயே. அது இப்போதுதான் முதல் தடவையாகக் கடலைப் பார்க்கிறது. வெகு நேரம் பார்த்துவிட்டு, "எம்புட்டு தண்ணி, ஒரு வாய் குடிக்க முடியலையே அண்ணே" என்றது.

இங்கே காற்றுதான் எஜமான். பைபிளைத் திறந்து வைத்தால் பக்கத்தை அதுவே புரட்டிக்கொள்கிறது. சோற்றில் மணல், தலையில் மணல், மைக்கில் மணல். குளிக்கிற தண்ணீரில் சோப்பு நுரைக்க மாட்டேன் என்கிறது. சமையலுக்கு வந்திருக்கிற சமுத்திரம் அண்ணாச்சி மட்டும் மீன் மலிவு என்று சந்தோஷமாக இருக்கிறார்.

வாலிபர் தலைவன் என்று எனக்குத் தனி அறை கொடுத்திருக்கிறார்கள். நாம் எப்போதும் இரண்டு பேராக வருவோம் என்று தெரிந்து இரண்டு கட்டில் போட்டு வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்துவிடச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் காரணம் கேட்பார்கள் என்று, அதன் மேல் பாட்டுப் புத்தகங்களையும் மைக் பெட்டியையும் அடுக்கி வைத்துவிட்டேன். வெளியே முப்பத்தெட்டுப் பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள், உள்ளே வந்து கதவைச் சாத்தினால் ஒருவரும் இல்லாத வீடு மாதிரி இருக்கிறது. நாம் சேர்ந்து எடுக்கிற குடும்ப வாழ்க்கை வகுப்பை இந்தத் தடவை போதகர் தலையில் கட்டிவிட்டேன். தொண்டை சரியில்லை என்று சொன்னேன்.

கேள்விப் பெட்டியை நேற்று சாயங்காலமே திறந்தோம். வழக்கம் போல அட்டைப் பெட்டியில் துளை போட்டு, பெயர் எழுதாமல் சீட்டு போடச் சொன்னோம். வந்ததும் வழக்கமான கேள்விகள்தான். சினிமா பார்க்கலாமா, பச்சை குத்தலாமா, வேறு சபையில் பெண் எடுக்கலாமா. ஆறாவது சீட்டைப் பிரித்ததும் யோசிக்காமல் மைக்கில் வாசிக்கத் தொடங்கிவிட்டேன். "ஜெபா அக்கா ஏன் வரல?" என்று இருந்தது. அதற்குக் கீழே "அண்ணன் மேல கோவமா?" என்று இன்னொரு வரி. அதை வாசிக்காமல் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். முப்பத்தெட்டு முகமும் என்னையே பார்த்தன. அக்காவுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். உடனே எல்லோரும் முழங்காலில் நின்று உனக்காக ஜெபித்தார்கள். சின்னப் பொய்தான், யாருக்கும் நஷ்டமில்லை. நீ கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று நினைக்கிறேன்.

வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை. தண்ணீர் வருகிற நாளில் டிரம்மை நிரப்பி வைக்கிறேன், செலவழிக்க ஆள் இல்லாமல் அடுத்த தண்ணீர் வந்துவிடுகிறது. எதிர்வீட்டு வெங்கடேஸ்வரி அம்மா நீ எப்போது வருவாய் என்று கேட்டார்கள். பள்ளிக்கூட லீவு முடிந்ததும் வருவாள் என்றேன். நீ டீச்சரும் இல்லை, நமக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் இல்லை. அந்த அம்மா கோலப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. திரும்பி வருவாயா என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். ஜனவரியில் நடந்ததைப் பற்றியும் எழுத வேண்டும். அதற்குள் அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டார்கள். அத்தைக்கு என் ஸ்தோத்திரத்தைச் சொல். கர்த்தர் உன்னோடு இருப்பாராக.

அன்புடன்,
பெலிக்ஸ்


பாம்பன்
16.5.2025, வெள்ளி, காலை ஆறு மணி

அன்புள்ள ஜெபாவுக்கு,

புதன்கிழமை தபாலில் போட்ட கடிதம் உனக்கு வந்து சேர்ந்ததோ என்னவோ. வந்திருந்தால் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதைப் படி. நாளைக்கு உங்கள் ஊரில் ஒரு கல்யாணம் நடத்திவைக்க வேண்டும் என்று போதகர் சாப்பிட்டதும் காரில் புறப்படுகிறார். அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கவரை ஒட்டியிருக்கிறேன், அவருக்கு உள்ளே இருப்பது தெரியாது.

காய்ச்சல் என்று சொன்னேன் அல்லவா, அது அதோடு நிற்கவில்லை. புதன்கிழமை காலையில் எழுந்ததும் ஒவ்வொருவராக வந்து விசாரிக்கத் தொடங்கினார்கள். எத்தனை நாளாக என்றார்கள், ஒரு வாரம் என்றேன். டெங்குவா என்றார்கள், ரத்தம் பார்த்தாயிற்று, டெங்கு இல்லை என்றேன். யார் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டபோது அத்தை என்றேன், அது ஒன்றுதான் உண்மை. பொய்க்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று.

மத்தியானத்துக்குள் மாரிசெல்வி சங்கிலி ஜெபத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 'ஜெபா அக்காவின் காய்ச்சலுக்காக' என்று தலைப்புப் போட்டு, காலை ஐந்து மணியிலிருந்து இரவு பத்து வரை அரை மணிக்கு ஒருவர் என்று கட்டம் கட்டி, சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டியது. ஒருவர் ஜெபித்து முடித்து எழுந்தால்தான் அடுத்தவர் உட்காரலாம், நடுவில் விட்டுப்போகக் கூடாது. கிடார் வாசிக்கிற எட்வின், அவன் ஐந்து மணிக்கு எழுந்து நீ பார்த்திருக்க மாட்டாய், அவன்கூட முதல் ஆளாய் எழுந்து உட்கார்ந்தான். நான் அந்தத் தாளைக் கடந்துதான் சாப்பிடப் போக வேண்டும். மூன்று வேளையும் தலையைக் குனிந்துகொண்டே போனேன்.

நேற்று மத்தியானம் கடற்கரையில் விளையாட்டு வைத்திருந்தோம். கயிறு இழுக்கும்போது மாரிசெல்வி மணலில் அப்படியே சரிந்துவிட்டது. தூக்கி நிழலில் படுக்கவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தோம். சமுத்திரம் அண்ணாச்சி சர்க்கரைத் தண்ணீர் கலக்கி எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "ரெண்டு நாளா இந்தப் பிள்ள காலையிலயும் மத்தியானமும் தட்ட எடுக்கலையே. நான் கேட்டதுக்கு, அக்காவுக்காக உபவாசம்னு சொல்லுச்சு" என்றார். அது கண்ணைத் திறந்தது, இரண்டு வாய் குடித்தது, என்னைப் பார்த்துக் கேட்டது.

"அக்காவுக்குக் காய்ச்சல் விட்டுருச்சா அண்ணே?"

விட்டுவிட்டது என்று சொன்னால் எல்லாம் முடிந்திருக்கும். சாயங்காலக் கூட்டத்தில் எல்லோரும் நன்றி சொல்லிப் பாடியிருப்பார்கள், ஆண்டவர் சுகம் கொடுத்தார் என்று மேடையில் சொல்ல அது ஒரு சாட்சியாகவே ஆகியிருக்கும். சொல்ல வாயெடுத்தவன், முதலில் இதைக் குடி என்று டம்ளரை நீட்டினேன். எனக்கே என்னைப் பார்த்துப் பயமாகிவிட்டது ஜெபா.

சாயங்காலம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று மேடை ஏறினேன். மைக்கைப் பிடித்ததும் என் குரல் தானாகத் தாழ்ந்தது. சாட்சி சொல்லும்போது ஒரு குரல் எனக்கு வரும் என்று நீ கேலி செய்வாயே, அதே குரல். நவம்பரில் ஆஸ்பத்திரி, ஜனவரியில் செண்பகத்தோப்பு முகாம், நீ வீட்டைவிட்டுப் போனது, எல்லாம் வரிசையாக நாக்கின் நுனியில் வந்து நின்றன. உண்மையைச் சொல்கிறேன் என்ற பேரில் மறுபடியும் உன்னைத்தான் மேடையில் ஏற்றப் போகிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. மைக்கை அணைத்துக் கீழே வைத்தேன். வெறும் வாயால் சொன்னேன்.

"அக்காவுக்குக் காய்ச்சல் இல்ல. நான் சொன்னது பொய். அவ வராததுக்குக் காரணம் நான்தான். என்ன காரணம்னு சொல்ல மாட்டேன், அது அவ சொல்ல வேண்டியது."

அவ்வளவுதான். இறங்கி வந்து பின் வரிசையில் உட்கார்ந்தேன். எட்வின் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு எந்தப் பாட்டை எடுப்பது என்று தெரியாமல் விழித்தான். மாரிசெல்வி எழுந்து நின்றது. கோபப்படும் என்று நினைத்தேன், கோபப்பட அதற்கு உரிமையும் உண்டு. "அப்ப இனிமே என்னன்னு ஜெபிக்கிறது அண்ணே?" என்று கேட்டது. இருபது வருஷமாக வாலிபர்களுக்கு எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி வந்தவன், தெரியவில்லை என்றேன்.

கூட்டம் கலைந்ததும் சாப்பாட்டு அறைக்குப் போனேன். தாளை யாரும் கிழிக்கவில்லை. தலைப்பில் காய்ச்சலை மட்டும் அடித்து, 'ஜெபா அக்காவுக்காக' என்று திருத்தியிருந்தார்கள். முதல் தடவையாக நின்று ஒவ்வொரு கட்டமாக வாசித்தேன். சமுத்திரம் அண்ணாச்சிகூடப் பேர் போட்டிருக்கிறார். டிரைவர் மாரிசாமி, அவர் சாமி வேறு, அவரும் சாயங்காலம் நாலரை மணியில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். என் பெயர் மட்டும் இல்லை. உனக்குக் காய்ச்சல் இல்லை என்று எனக்குத்தான் தெரியுமே, நான் எதற்கு உட்கார வேண்டும்? இந்த நான்கு மாதமும் நான் கேட்டதெல்லாம், அவளை அனுப்பிவை ஆண்டவரே, அனுப்பிவை என்பது மட்டும்தான். நீ எப்படி இருக்கிறாய் என்று அவரிடமும் கேட்கவில்லை, உன்னிடமும் கேட்கவில்லை.

ஜனவரியைப் பற்றி எழுதிவிடுகிறேன். பதினோரு வருஷத்துக்குப் பிறகு உண்டாகி, மூன்றாம் மாதத்தில் போன பிள்ளையைப் பற்றி உனக்கும் எனக்கும் டாக்டருக்கும்தான் தெரியும். அத்தையிடம்கூட நீ சொல்லியிருக்கவில்லை. செண்பகத்தோப்பில் நூற்றைம்பது பேருக்கு முன்னால், நீ பக்கத்தில் நிற்க, உன்னைக் கேட்காமல் அதைச் சாட்சியாக எடுத்துச் சொன்னேன். பிள்ளைகள் அழுதார்கள். எட்டுப் பேர் தங்களை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தார்கள். நல்ல கூட்டம் என்று நான் சந்தோஷமாகப் பைக்கை ஓட்டிக்கொண்டு வந்தேன், நீ பின்னால் உட்கார்ந்து வந்தாய். மறுநாள் பையை எடுத்துக்கொண்டு நிற்கும்போதுதான் சொன்னாய். "அது என் வயித்துல நடந்தது. உங்களுக்கு அது மைக்குல சொல்ல ஒரு கதையாப் போச்சு" என்றாய். நான் அதற்கும் பதில் பேசினேன். ஊழியம் என்றேன், எட்டு ஆத்துமா என்றேன். அந்தப் பேச்சையெல்லாம் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னித்துவிடு.

இன்னொன்று இருக்கிறது. நவம்பரில் ஆஸ்பத்திரியில் டாக்டர் உன்னை உள்ளே கூப்பிட்டபோது நான் வெளியே நின்று கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸுக்கு வேன் பேசிக்கொண்டிருந்தேன். நான் போனை வைப்பதற்குள் நீ வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். டாக்டர் சொன்னதும் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்தோத்திரம் என்றாய் என்று நான் மேடையில் சொன்னேன். நீ என் கையைப் பிடிக்கவில்லை, நான் அங்கே இல்லவே இல்லை. உள்ளே என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை நூற்றைம்பது பேருக்குச் சொல்லி அழவைத்தேன், நானும் அழுதேன். வீட்டில் ஒரு நாள்கூட நான் அதற்காக அழுததில்லை.

நேற்று அழுதேன், ஒருவரும் இல்லாத இடத்தில். இதை உனக்கு எழுதுவதே இன்னொரு சாட்சி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அதனால் நிறுத்திக்கொள்கிறேன்.

நாளை சாயங்காலம் ஐந்து மணி போல எங்கள் பஸ் உங்கள் ஊரைக் கடக்கும். பிள்ளைகள் இறங்கி உன்னைப் பார்க்க வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லி, டீக்கும் நிறுத்தாமல் நேரே ராஜபாளையம் போகும்படி மாரிசாமியிடம் சொல்லியிருக்கிறேன். நானும் இறங்க மாட்டேன், நீ கூப்பிடாமல் வர மாட்டேன். வாலிபர் பொறுப்பை எட்வினிடம் கொடுத்துவிடும்படி போதகரிடம் கேட்டிருக்கிறேன். அதை வைத்து நீ திரும்பி வர வேண்டும் என்று இல்லை. உனக்கு எங்கே நிம்மதியோ அங்கே இரு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், கொடுக்க மனம் இருந்தால் கொடு. அந்த மூன்று மாதத்தில் நீ மனதுக்குள் பிள்ளைக்கு ஒரு பெயர் வைத்திருப்பாய். தையல் மிஷின் முன்னால் தனியாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய், நான் என்ன என்று கேட்டதில்லை. அந்தப் பெயரை ஒரு கார்டில் எழுதி அனுப்பு, வேறு ஒரு வரியும் எழுத வேண்டாம். அதைச் சொல்லி ஒரு தடவை முழங்காலில் நிற்க வேண்டும். யாரிடமும் சொல்ல மாட்டேன்.

கர்த்தர் உன்னைத் தேற்றுவாராக.

உன்
பெலிக்ஸ்