ஆம்னிக்குக் கமான் பட்டை மாற்றியது

ஒலக்கூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் வெனிலாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டுமென்று தினமும் செபத்தில் கேட்கிறேன்.

அப்பாவை இடுப்புப் பயிற்சிக்குத் திண்டிவனம் கூட்டிப்போவதாகப் போனில் சொன்னேன் அல்லவா, உண்மையில் இரண்டு வாரம் போகவில்லை. நம் ஆம்னி வேன் பள்ளத்தில் இறங்கினால் பின்பக்கம் தூக்கிப் போடும், அது நேராக ஆபரேஷன் செய்த இடத்தில் இறங்கும். "இனிமே அந்த வண்டில ஏற மாட்டேன்" என்று படுத்துவிட்டார். பயிற்சி நின்றால் இடுப்பு இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெக்கானிக் சீனுவாசன் குனிந்து பார்த்து, பின்சக்கரத்தில் அதிர்ச்சி தாங்கும் கமான் பட்டையில் ஒன்று முறிந்திருக்கிறது, ஷாக் அப்சார்பர் இரண்டும் போய்விட்டது, பத்து நாள் கழித்துத்தான் கைவைக்க முடியும் என்றார். நான் விழுப்புரம் போய்ச் சாமான்களை வாங்கிவந்து நானே இறங்கிவிட்டேன்.

அப்பாவின் கட்டிலை ஜன்னலோரம் போட்டு, அவர் சொல்லச் சொல்லச் செய்தேன். இருந்தது ஒரு ஜாக்கி, நாலு ஸ்பேனர், சுத்தியல். துருப்பிடித்த போல்ட்டை டீசலில் ஒரு பகல் ஊறவைத்து, ஸ்பேனரில் பைப்பைச் சொருகி மிதித்தபிறகுதான் கழன்றது. இடது பக்கம் முடிந்தது. வலது பக்கம் செய்யும்போது மண்ணில் ஜாக்கி சாய்ந்து வண்டி டமாரென்று இறங்கியது. பயப்படாதே, கழற்றிய சக்கரத்தை முன்னமே அடியில் படுக்கப்போட்டிருந்தேன், வண்டி அதன்மேல் உட்கார்ந்தது, எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். ஊர்ந்து வெளியே வந்து பார்த்தால், வாக்கர்கூட இல்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்பா வாசலில் நிற்கிறார். "கிளாரா, போதும் வா, நான் நொண்டியாவே இருந்துட்டுப் போறேன்" என்றார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது, "பாதில வுட்டுட்டு வர முடியாதுங்க, போய்ப் படுங்க" என்றேன். அவர் போகவில்லை, நாற்காலி கேட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். ஜாக்கிக்கு அடியில் பலகை வைத்து மீதியை முடித்தேன். மறுநாள் சீனுவாசன் வந்து போல்ட் எல்லாவற்றையும் முறுக்கிப் பார்த்துச் சரி என்றார்.

முந்தின வாரம் வெள்ளிக்கிழமை திண்டிவனம் போனோம். முதல் இரண்டு வேகத்தடையிலும் கண்ணாடியில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன், முகம் சுளிக்கவில்லை. மூன்றாவதைத் தாண்டியதும் "ஏண்டி, பிரேக்குன்னு ஒண்ணு இருக்குது, தெரியுமா" என்று அதட்டினார். இந்த வாரம் மூன்று நாளும் பயிற்சிக்குப் போய்விட்டோம்.

கழுத்தை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, வேளைக்குச் சாப்பிடு. மாதா உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும். ஒன்று மறக்காதே, நீ போன் செய்யும்போது வலி எப்படி இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்காதே, வண்டி வேலை எப்படி நடந்தது என்று கேள். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வாய்விட்டுப் பேசுவது அது ஒன்றைத்தான்.

முத்தங்களுடன்,
உன் அம்மா,
இ. கிளாரா