ஏரியின் மிகப் பெரிய மீன்

10 மார்ச் 2071, 07:10
நீர் வெப்பம் 13.2 டிகிரி. ஆக்சிஜன் போதுமானது. குளிர்நீரில் மட்டுமே வாழும் டிரவுட் மீன், நீலகிரியில் உயிரோடிருக்கும் கடைசி ஏரி இது. அடியில் தரை அதிரக் குளிர்விப்பான் ஓடும்வரை இருக்கும். நிலையத்துக்கும் இந்தப் பதிவுக்கும் மின்சாரம் அதே இணைப்பில்தான். இங்கே நான் மட்டும். இதைக் கண்டெடுப்பவர் எண்களை நம்பலாம். தினமும் இருமுறை சரிபார்க்கிறேன். முனைவர் மகிழினி.

22 மார்ச், 16:40
மலையடிவாரத்தில் குளிர்விப்பானை இயக்கும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அதன் பொறுப்பாளர் ரித்விக் அழைத்தார். மே மாதத் தூண்டில் போட்டிக்குப் பெரிய மீன் வேண்டுமாம்.
"பதினாறு டிகிரியில மீன் வேகமா வளரும்னு நீங்கதானே மேடம் எழுதியிருக்கீங்க? மெஷினைக் குறைச்சு வெச்சிட்டோம். சந்தோஷமா?"
எழுதினேன், குஞ்சுகளைப் பற்றி. அடுத்த வாக்கியம் இது: அதற்கு மேலும் சூடேறினால் வளர்ச்சி நிற்கும், பெரிய மீன்தான் முதலில் மூச்சுத் திணறும். அதை வெட்டிவிட்டார்கள்.

9 ஏப்ரல், 11:05
17.8. குஞ்சுகள் கொழுத்திருக்கின்றன. அவருக்குச் சாதகமான தரவு, ஆனாலும் அனுப்பினேன். எச்சரிக்கையை முதல் வரியில் வைத்தேன்.
"வளருதுல்ல மேடம்! அப்புறம் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க? மலையில தனியா இருந்து இருந்து உங்களுக்கு எல்லாமே கெட்ட சகுனமாத் தெரியுது."
வெப்பமானிக்குச் சகுனம் தெரியாது.

2 மே, 13:20
21.4. மேல்நீர் சூடு. அடிநீரில் ஆக்சிஜன் இல்லை. இடையிலுள்ள மெல்லிய அடுக்கில் மீன்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. பெரியவை இரை எடுப்பதில்லை, எடை குறைகிறது. குளிர்விப்பானை இங்கிருந்தே கூட்டப் பார்த்தேன். என் கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறார்கள்.
"போட்டி முடியட்டும் மேடம். அதுவரைக்கும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க."
யார்? நானா, மீன்களா?

7 மே, 14:00
23.1. உறைபெட்டியில் இருந்த ஐஸ் முழுவதையும் ஏரியில் கொட்டினேன். ஒரு ஏரிக்கு நான்கு வாளி ஐஸ். அபத்தம். மறுபடி உறைய வைத்திருக்கிறேன்.

11 மே, 06:50
24.6. வால்துடுப்பில் வெட்டுள்ள தாய்மீன் கரையோரம் மிதந்தது. ஏரியின் குஞ்சுகளில் பாதி அதனுடையவை. அளந்தேன். 81 செ.மீ. இங்கே பதிவானதிலேயே பெரியது. படம் எடுத்து, அதன் மேலேயே 'செத்த மீன், காரணம் வெப்பம்' என்று எழுதி அனுப்பினேன். வேறெங்கும் எழுதினால் படிக்க மாட்டார்கள்.

07:15
"சூப்பர் மேடம்! இதைத்தான் கேட்டோம். மேல எழுதியிருந்ததை மட்டும் வெட்டிட்டு போஸ்டர்ல போட்டாச்சு. இந்தச் சூட்டுக்கே இவ்வளவு பெருசுன்னா, மெஷினை மொத்தமா நிறுத்திட்டா என்ன?"

07:16
வேண்டாம் என்று தட்டிக்கொண்டிருக்கும்போதே தரையின் அதிர்வு நின்றது. குளிர்விப்பான் ஓட