ஒரு ரூபாய் முத்திரையில் ஒரு கீறல்

என்னைப் பொறுத்துக்கொண்ட செபஸ்தியான் அண்ணைக்கு,

நீங்கள் கண்மூடிய பிறகு இரண்டாவது மாரி மழையும் முடிந்துவிட்டது. ஈரம் வாங்கிய தபால் முத்திரை ஏடுகளைக் காற்றாட விரித்தபோது எனக்கொரு சந்தேகம் வந்தது. அதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

நம் துறைமுகப் படம் போட்ட பழைய ஒரு ரூபாய் முத்திரைகள் இரண்டை நீங்கள் கொண்டுவந்தது நினைவிருக்கிறதா? இரண்டிலும் வானத்தில் தலைமயிர் அளவில் ஒரு கோடு. அச்சுத்தகட்டில் விழுந்த கீறல் என்றீர்கள். நான் அளந்து பார்த்து, இரண்டு கோடும் ஒரே இடத்தில் இல்லை, அரை மில்லிமீற்றர் விலகுகிறது, வெறும் மைக்கறை என்று எழுதித் தந்தேன். "நீர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும், தம்பி," என்றீர்கள். சேகரிப்பாளர் மடல் என்ற இதழுக்கு எழுதிய கட்டுரையை அனுப்பாமலே வைத்துவிட்டீர்கள்.

இப்போது என் அளவுக் கொப்பியைப் பார்த்தேன். 'இடது ஓரப் பல்லிலிருந்து' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. பல் பல்லாகத் தெரியும் ஓரத்துத் துளைகள் அச்சடித்த பிறகு போடுபவை. தாளுக்குத் தாள் விலகும். படத்தின் சட்டக் கோட்டிலிருந்தல்லவா அளந்திருக்க வேண்டும்? முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவனுக்கு அன்று அது ஏன் தோன்றவில்லை?

உங்கள் வீட்டுக்குப் போக மூன்று நாள் தயங்கினேன். அக்கா அலுமாரியைத் திறந்து முத்திரைகளையும் கட்டுரையையும் எடுத்துத் தந்தார்.

"அவர் கடைசிவரைக்கும் அது கீறல்தான் எண்டவர். உங்களோட கதைச்சு வெல்ல ஏலாதாம்."

நான் அதிகம் கதைக்கிற ஆளில்லையே என்றேன்.

"ஓம், நீங்கள் கதைக்கிறேல்லை. அளந்து காட்டுவீங்கள். அதுக்குமேல ஆர் வாய் திறக்கிறது?"

அங்கேயே, சாப்பாட்டு மேசையில், சட்டக் கோட்டிலிருந்து நான்கு தரம் அளந்தேன். இரண்டும் ஒரே இடம்தான், அண்ணை.

தகட்டில் எது உரசியிருக்கும்? தாளில் எத்தனையாவது முத்திரை அது? பிறகு யாராவது கண்டு தகட்டைத் திருத்தினார்களா? அதே கீறலோடு, தாளின் வெற்று ஓரமும் ஒட்டிய முத்திரையொன்று கிடைத்தால் இடம் பிடிபடலாம். மூதூரில் பழைய கடித உறைகள் வைத்திருக்கும் வியாபாரி ஒருவருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். முன்பின் தெரியாதவர். என்னைத் தெரிந்த உங்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும்.

உங்கள் கட்டுரையை ஓர் எழுத்தும் மாற்றாமல், இந்தக் கடிதத்தையும் சேர்த்து மடலுக்கு அனுப்புகிறேன். என் பெயரை விட்டுவிடலாமா என்று ஒரு பொழுது யோசித்தது உண்மை. பிறகு எழுதிவிட்டேன்: கண்டுபிடித்தவர் நீங்கள், பிழையாக அளந்தவன் நான்.

யாராவது மறுத்து எழுதினால், பேசாமல் இருக்கமாட்டேன். உங்களுக்காகப் பதில் எழுதுவேன்.

உங்கள் கூடப் பிறவாத தம்பி,
கனகசபை