டப்பாவில் இருக்கும் ஒற்றைக் கடுக்கன்

என் செல்லத் தம்பி முத்துவுக்கு,

நீ போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. நீ உயிரோடு இருந்தபோதும் உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. தாராவியில் ஒரே சந்தில் குடியிருந்தோம், எழுத என்ன இருந்தது? இப்போது எழுதுவதற்குக் காரணம் உன் மருமகன், என் மகன் கதிர். அவனுடைய இடது காது என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். சிரிக்காதே, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் மாட்டுங்காவில் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலை. கதிருக்கு நரம்பில் மருந்து ஏற்றுவதற்காகக் கற்றுக்கொண்டது, பிறகு அதுவே பிழைப்பாகிவிட்டது. எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து, "ரெண்டு நிமிஷம் அழுத்திப் பிடிங்க" என்பேன். ரெண்டு நிமிஷத்தில் நின்றுவிடும். இத்தனை பேருக்கு இவ்வளவு சுலபமாக நிற்கிறதே என்று எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. உனக்கு ஒரு பல் விழுந்தால் மூன்று நாள் தலையணை சிவப்பாக இருக்கும்.

ஹீமோபிலியா என்று உன் ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்தார்கள். வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டோம். "முத்துக்கு முட்டி வீங்கிருக்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இப்போது எனக்குக் கொஞ்சம் புரிகிறது. ரத்தம் உறைவதற்கு உடம்பில் சில பொருள்கள் வரிசையாக வேலை செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் கொடுத்திருக்கிறார்கள். உன் வரிசையில் எட்டாம் நம்பர் இல்லை. அவ்வளவுதான் நோய்.

கதிருக்குக் காது குத்திய நாளைப் பற்றி நாம் இருவரும் கடைசிவரை பேசவில்லை. இன்று நான் பேசிவிடுகிறேன்.

அவனுக்கு அப்போது பதினோரு மாதம். நம் வழக்கப்படி தாய்மாமன் நீதான் சீர்த் தட்டோடு வர வேண்டும், உன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். ஒரு வாரம் முன்னால் வாசலில் வந்து நின்று நீ சொன்னாய்:

"எக்கா, காது குத்துக்கு முந்தி பிள்ளைக்கு ரத்தத்த ஒரு டெஸ்ட் பண்ணிருவோம். டாக்டர் அப்பவே சொல்லிருக்காரு."

மறுநாளும் வந்து அதையே சொன்னாய். மூன்றாம் நாளும் வந்தாய். காது குத்தைத் தள்ளிப்போடச் சொல்கிற தாய்மாமனைப் பற்றி நம் ஆட்கள் என்ன நினைப்பார்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன்.

"ஒரு சோடி கடுக்கன் எடுத்துப் போட வக்கில்ல, டெஸ்ட்டாம்லா டெஸ்ட்டு! சாக்கு சொல்லாத முத்து, ஊரு சிரிக்கும்" என்றேன்.

குறித்த நாளில் நீ கடுக்கன் ஒரு ஜோடி, பட்டுத் துணி, மாலை எல்லாவற்றோடும் நம் ஊர்க்காரர்களின் சங்கக் கட்டடத்துக்கு வந்தாய். வீங்கிய முட்டியை மடக்கி உட்கார்ந்து கதிரை மடியில் வாங்கினாய். ஆசாரி வலது காதைக் குத்திக் கடுக்கனைப் போட்டார். இடது காதுக்குத் திரும்புவதற்குள் உன் வேட்டி நனைந்துவிட்டது. நீதான் முதலில் எழுந்தாய். "நிறுத்துங்க, டாக்ஸி கூப்பிடுங்க" என்று கத்தினாய்.

ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். பிள்ளை பிழைத்தான். அவனுக்கும் எட்டாம் நம்பர் இல்லை என்று சொன்னார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே சங்கக் கட்டடத்தில் வேறு ஒரு விசேஷம். அத்தனை சொந்தக்காரர்கள் நடுவில் நான் உன்னைப் பார்த்துச் சொன்னேன்:

"ஒன் மடியில உக்கார வச்சேன் பாரு, ஒன் நோய எம்புள்ளைக்கு ஒட்டிட்டியேலே!"

நீ தலையைக் குனிந்துகொண்டாய். அதற்குப் பிறகு நீ இருந்த ஆறு வருஷமும் கதிரை மடியில் உட்கார வைக்கவில்லை. அவன் விழுந்தான், வீங்கினான் என்று தெரிந்தால் மட்டும் மீன் கடையில் ஐஸ் வாங்கி டிபன் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு வருவாய். வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போவாய். என் பிள்ளையின் முட்டியில் வாரக்கணக்கில் மீன் வாடை அடிக்கும். அதற்கும் உன்னைத் திட்டினேன்.

பிறகு வடாலா ஸ்டேஷன் படியில் நீ வழுக்கி விழுந்தாய். வெளியே காயம் இல்லை, கசிந்தது தலைக்குள். அதை விரித்து எழுதப் போவதில்லை, உனக்குத் தெரிந்ததுதான்.

உன் காரியம் முடிந்த சில மாதத்தில் கதிரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். உனக்கும் வைத்தியம் பார்த்த அதே டாக்டர். வழக்கம்போல, "மாமன்கிட்ட இருந்து ஒட்டிக்கிட்டது" என்றேன். அவர் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டார். மேலே அம்மா, கீழே நீயும் நானும், எனக்குக் கீழே கதிர். அம்மாவிடமிருந்து ரெண்டு பேருக்கும் வந்திருக்கிறது. உன்னிடம் அது நோயாக இருந்தது. என்னிடம் வெளியே தெரியாமல் இருந்து என் பிள்ளைக்குப் போயிருக்கிறது. மாமனிடமிருந்து மருமகனுக்குப் போக வழியே கிடையாது என்றார். பிறகு சொன்னார், "உங்க தம்பிக்கு இது தெரியுமே. பிள்ளை பிறந்தப்பவே இதே படத்தை அவருக்கும் போட்டுக் காட்டியிருக்கேனே."

முத்து, உனக்குத் தெரிந்திருக்கிறது. நான் கத்திய அந்த ஞாயிற்றுக்கிழமையும் தெரிந்துதான் தலையைக் குனிந்திருக்கிறாய். "என்னால இல்லக்கா, ஒன் வழியா வந்தது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அடங்கியிருப்பேன். ஏன் சொல்லவில்லை? நான் தாங்க மாட்டேன் என்றா? எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தத் தாளை நானும் யாரிடமும் காட்டவில்லை. கதிரிடமும்தான்.

சரி, நல்ல சேதி சொல்கிறேன். கதிருக்கு ஒன்பது வயதில் ஒரு சிக்கல் வந்தது. வெளியிலிருந்து ஏற்றுகிற எட்டாம் நம்பரை அவன் உடம்பே எதிரி என்று நினைத்து அழிக்கத் தொடங்கியது. சில பிள்ளைகளுக்கு அப்படி ஆகுமாம். வலது முட்டி மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டது. பள்ளிக்கூடம் பாதி, ஆஸ்பத்திரி பாதி என்று வருஷங்கள் போயின.

இப்போது புது மருந்து வந்திருக்கிறது. அதற்கு ரெண்டு கை என்று வைத்துக்கொள். ஒரு கையால் ஒன்பதாம் நம்பரைப் பிடிக்கும், இன்னொரு கையால் பத்தாம் நம்பரைப் பிடிக்கும், ரெண்டையும் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தும். எட்டாம் நம்பர் செய்கிற வேலையே அதுதானாம். ஆனால் இது எட்டு இல்லை, அதனால் அவன் உடம்பு இதை எதிரியாக நினைக்கவில்லை. நரம்பைத் தேட வேண்டியதில்லை, தோலுக்கு அடியில் போட்டால் போதும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயிறு காலையில் நானே போடுகிறேன். போட்டுவிட்டு இட்லி வைப்பேன்.

நோய் போய்விடவில்லை. கல்லீரலையே எட்டாம் நம்பரைச் செய்ய வைக்கிற ஆராய்ச்சியும் நடக்கிறது, சிலருக்குப் பலித்திருக்கிறது, எத்தனை வருஷம் நிற்கும் என்று இன்னும் பார்க்கிறார்கள் என்றார் டாக்டர். வந்தால் வரட்டும். கதிர் மான்குர்த்துக்கு வேலைக்குப் போகிறான், ஹார்பர் லைன் ரயில் கூட்டத்தில் நின்றுகொண்டே போகிறான். எனக்கு இப்போதைக்கு அது போதும். இந்த மருந்து உனக்குக் கிடைத்திருந்தால் நீயும் அந்தப் படியில் விழுந்துவிட்டு, துணியைத் தட்டிக்கொண்டு அடுத்த வண்டியைப் பிடித்திருக்கலாம். அதை நினைக்காமல் நான் ஒரு ஞாயிறும் ஊசி போட்டதில்லை.

போன மாதம் ஊசி போட்டு முடித்ததும் கதிர் சொன்னான்.

"ம்மா, இந்த லெஃப்ட் காதையும் குத்திருவோமா? ஆபீஸ்ல எல்லாம் ஹாஃப் ஹீரோங்கிறானுங்க. டாக்டர்கிட்ட கேட்டுட்டேன், புது ஊசின்னா ஓகேவாம்."

அப்போதுதான் பெட்டியிலிருந்து அந்தத் தாளை எடுத்து வைத்தேன். "மாமா மேல பழி போட்டுட்டேன்டா. அது என் வழியா வந்தது" என்றேன்.

அவன் தாளைப் பார்க்கக்கூட இல்லை.

"மாலூம் ஹை, மா. எல்லாம் தெரியும். ஸ்கூல் பயாலஜியிலயே படிச்சுட்டேன்."

"ஏம்ல எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அழுவ. அதான்."

பிள்ளை தாய்மாமனைப் போலவே இருக்கிறான் என்று சொந்தக்காரர்கள் அவன் மூக்கைப் பார்த்துச் சொல்வார்கள். நான் அன்றுதான் ஒப்புக்கொண்டேன்.

கதிருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும். அதனால் இந்தக் கடிதத்தை அவனுக்கு நானே வாசித்துக் காட்டுவேன். அதற்கு முன்னால் நம் சங்கத்தின் ஆண்டு மலரில் போடக் கொடுக்கிறேன். எல்லோர் காதிலும் விழும்படி பழி சொன்னேன், எல்லோர் கண்ணிலும் படும்படி மன்னிப்புக் கேட்பதுதான் சரி. என்னை மன்னித்துவிடு தம்பி.

அடுத்த மாதம் அதே சங்கக் கட்டடத்தில் காது குத்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு வந்தவர்களில் இருக்கிற அத்தனை பேரையும் கூப்பிட்டாகிவிட்டது. ஆசாரி ஊசி எடுக்குமுன் எழுந்து நின்று, அன்று கத்திய அதே சத்தத்தில், "எந்தம்பி மடியில இருந்து எம்புள்ளைக்கு எதுவும் ஒட்டல, அவனுக்கு வந்தது என் வழியா" என்று சொல்வேன். இது உனக்கு என் வாக்கு.

பிறகு உன் இடத்தில் நான் உட்காருவேன். இருபத்து மூன்று வயசுப் பிள்ளை, எழுபது கிலோ, என் மடி தாங்குமா தெரியவில்லை. உட்கார்ந்த பேருக்கு ஓரமாக உட்காருகிறேன் என்கிறான். நீ கொண்டுவந்த ஜோடியில் மற்ற கடுக்கன் இருபத்திரண்டு வருஷமாக நகைக்கடை டப்பாவில்தான் இருக்கிறது. நேற்று புளி போட்டுத் தேய்த்து வைத்தேன். உன் சீரில் பாதியைத்தான் அன்று போட்டோம், முத்து. மீதியை நான் போடுகிறேன்.

உன் மருமகனைப் பெற்றவள்,
உன் அக்கா பேச்சி