சின்னவள் பாடாத ஆல்பம்

அக்டோபர் 4

கண்ணாடிக் கடையில் இன்று பதினோரு பேருக்குக் கண் பரிசோதனை. எல்லோருக்கும் அதே பாட்டு: இடது கண்ணை மூடுங்க, இப்ப வலது கண்ணை மூடுங்க.

வெள்ளிக்கிழமை அந்த அக்கா தங்கையின் புது ஆல்பம் வருகிறது. ஆறு வருஷம் கழித்து. பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல் வீட்டு அறையிலேயே பதிவு செய்து வெளியிடும் இரண்டு பெண்கள். பத்தொன்பது வருஷமாகக் கேட்கிறேன். எனக்குள் அவர்கள் பெரியவள், சின்னவள். பெரியவள் பாட்டைத் தாங்குவாள், சின்னவள் குறுக்கே புகுந்து கலைத்துப் போடுவாள். எனக்குச் சின்னவள்தான்.

இவரிடம் சொன்னேன். "ம்" என்றார். மே மாதம் மாமனார் இறந்துபோனதிலிருந்து இந்த வீட்டில் அதுதான் நீளமான பேச்சு.

அக்டோபர் 10

வந்துவிட்டது. என் வழக்கம் ஒன்று உண்டு. புது ஆல்பத்தைக் கடைக்கு நடக்கும்போது இயர்போனில் ஒரே மூச்சில் கேட்பேன். ஒரு தடவைதான். அன்றைக்கே என் மின்னஞ்சல் கடிதத்தில் அறுநூறு வாசகர்களுக்கு எழுதிவிடுவேன். முதல் தடவை தோன்றுவதுதான் நிஜம் என்று அவர்களிடம் பீற்றிக்கொள்வதும் உண்டு.

சின்னவள் இல்லை. பத்துப் பாட்டு, ஒன்றில்கூட இல்லை. பெரியவள் ஒரு வரி பாடிவிட்டு நிறுத்துகிறாள், இடம் விட்டுக் காத்திருக்கிறாள், யாரும் வரவில்லை. திரும்பத் திரும்ப இதேதான். அட்டையில் மட்டும் இரண்டு பேர் சிரிக்கிறார்கள்.

கடை வாசலில் நின்றுகொண்டே கண் கலங்கிவிட்டது. அப்புறம் கோபம். மத்தியானத்துக்குள் எழுதி அனுப்பிவிட்டேன். "தங்கையைத் துரத்திவிட்டு அவள் நின்ற இடத்தை நமக்கு விற்கிறாள்" என்று முடித்திருக்கிறேன். நன்றாக வந்திருக்கிறது.

அக்டோபர் 11

முதல் பதில்: "அக்கா, நீங்க வேற ஆல்பத்தைக் கேட்டுட்டீங்களா?"

அதே மாதிரி இன்னும் நாற்பது. ஊரே சேர்ந்து கிண்டல் செய்கிறதா?

அக்டோபர் 12

சின்னவளே எழுதியிருக்கிறாள். யாரோ என் கடிதத்தை அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இரண்டே வரி. "பத்துப் பாட்டுலயும் இருக்கேன், இயர்போனோட வலது பக்கம். எங்க அக்கா என்னைத் துரத்தலை, நீங்க எழுதினதைப் படிச்சுட்டு அழுதுட்டு இருக்கா."

பத்தொன்பது வருஷத்தில் அவளிடமிருந்து எனக்கு வந்த முதல் கடிதம்.

அக்டோபர் 13

இயர்போன்தான் கெட்டுவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கினேன். அதிலும் அவள் இல்லை.

மத்தியானம் கடையில் ஆள் இல்லாதபோது, கண் காட்ட வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். இடது பக்கத்தைக் கழற்றினேன். வலது மட்டும். ஒன்றுமில்லை — எங்கேயோ அடியில் லேசாக ஒரு அதிர்வு. அந்த வலது பக்க இயர்போனையே எடுத்து இடது காதில் வைத்தேன்.

இருந்தாள். முழுசாக இருந்தாள்.

இயர்போனில் கோளாறு இல்லை. ஆல்பத்திலும் இல்லை. என் வலது காது.

எத்தனை நாளாக? பழைய பாட்டுகளில் அவளைக் கேட்டேனே! கேட்டேனா? அவையெல்லாம் மனப்பாடம். இல்லாத குரலை நானே உள்ளேயிருந்து நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். புதுப் பாட்டில் நிரப்ப ஒன்றும் இல்லை.

அக்டோபர் 20

காது டாக்டர். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வலது பக்கத்துக்கு நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஸ்கேனில் பயப்பட ஒன்றும் இல்லையாம். நரம்புக் கோளாறு, கேட்பது மெதுவாகக் குறைந்திருக்கிறது, திரும்பி வராது. மூன்று வருஷமாவது ஆகியிருக்கும் என்றார். "இவ்வளவு நாள் எப்படிம்மா தெரியாம இருந்தீங்க?" அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஊர்க் கண்ணையெல்லாம் சோதிக்கிறவள்.

அக்டோபர் 21

வாசகர்களுக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்பினேன். அக்காவுக்கும் தங்கைக்கும் தனியாக. சால்ஜாப்பு எதுவும் சேர்க்காமல் எழுத நாலு தடவை அடித்தடித்து எழுத வேண்டியிருந்தது.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

அக்டோபர் 22

சொன்னேன். அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். லிஃப்ட் பழுது பார்க்கும் சாமான் பையில் ஸ்பானரை வைத்தவர் அப்படியே நின்றார்.

"எப்பலேர்ந்து?"

"மூணு வருஷமா இருக்கலாம்ங்கறார்."

பையைக் கீழே வைத்தார். "பிப்ரவரில நீ பாத்திரம் தேய்ச்சுட்டு இருந்தே. நான் வந்து ஒண்ணு கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

"என்ன கேட்டீங்க?"

"அப்பாவை இங்க கூட்டிட்டு வந்துடலாமான்னு."

குழாய், அவர் நின்ற இடம் எல்லாம் கண் முன்னால் வந்தது. சமையலறைக்குள் வருகிறவர் என் வலது பக்கம்தான் வந்து நிற்க முடியும்.

"நீ திரும்பிக்கூடப் பாக்கலை. சரி, இவளுக்கு இஷ்டமில்லைன்னு போயிட்டேன்." என் பக்கம் திரும்பிக் கேட்டார். "அப்ப நீ வேண்டாம்னு சொல்லலையா?"

மாமனாரை முதியோர் இல்லத்தில் சேர்த்தார். மூன்றே மாதம். அங்கேதான் போனார்.

ஒரு தடவையா! பெத்த அப்பாவைப் பத்தி ஒரே ஒரு தடவைதானா கேப்பாங்க? என் தோளைத் தொட்டிருக்கக் கூடாதா? இந்த மனுஷன் எதையும் ஒரு தடவைதான் கேப்பார். ரெண்டாவது தடவை கேட்டா கெஞ்சற மாதிரியாம். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். தெரிஞ்சுதானே இருந்தேன்.

நவம்பர் 2

அவரும் பேசவில்லை. நானும்.

நவம்பர் 9

ஃபோனில் இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒரே காதில் சேர்த்துக் கொடுக்கும் வசதி இருக்கிறதாம். ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஆல்பத்தை மறுபடி கேட்டேன். பெரியவள் நிறுத்திக் காத்திருந்த இடங்களிலெல்லாம் சின்னவள் வருகிறாள். சில இடங்களில் தாமதமாக வருகிறாள், அக்கா விட்டுவிட்டுப் போகாமல் நிற்கிறாள். ஆறாவது பாட்டில் வார்த்தையே இல்லை, ஹம்மிங் மட்டும். அதற்கு மேல் நடக்க முடியாமல் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்கு அரை மணி தாமதம்.

நவம்பர் 15

காது எனக்கு நல்ல வக்கீலாக அமைந்துவிட்டது. கேட்கவில்லை, அதனால் குற்றமில்லை. என் அம்மா, கடையில் கூட இருப்பவர்கள், எல்லோரும் அப்படியே சொல்கிறார்கள்.

ஆனால் ஒன்றை இங்கே எழுதி வைக்க வேண்டும். மார்ச்சில் "அப்பாவுக்கு இடம் பார்த்தாச்சு" என்று இவர் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. மாமனார் சுலபமான மனிதர் இல்லை. மின்விசிறியைக்கூட அவரைக் கேட்டுத்தான் போட வேண்டும். ஏன் அங்கே என்று நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதற்குக் காதைச் சாக்குச் சொல்ல முடியாது.

நவம்பர் 30

சின்னவள் பதில் எழுதியிருக்கிறாள். "பரவாயில்லை. அக்கா உங்க காதைப் பத்தி விசாரிக்கச் சொன்னா."

டிசம்பர் 21

ஞாயிறு. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஆண்டின் சிறந்த ஆல்பம் கடிதத்தை ஆரம்பித்திருந்தேன். இவர் எதிரில் துணி மடித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"அன்னிக்குக் காதுல விழுந்திருந்தா என்ன சொல்லியிருப்பே?"

கேட்டது. தெளிவாகவே கேட்டது. உடனே சரி என்று சொல்லியிருப்பேன் என்றால் முடிந்துவிடும். வாய்வரை வந்தது. ஆனால் சொல்ல மனம் வரவில்லை. நிஜமாகவே என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தபடி பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்காலி நகர்ந்தது. எழுந்து போகிறார் என்று நினைத்தேன். மேசையைச் சுற்றி வந்து என் இடது பக்கம் உட்கார்ந்து மறுபடி கேட்டார்.

"அன்னிக்குக் காதுல விழுந்திருந்தா என்ன சொல்லியிருப்பே?"

அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு இருந்திருப்பேன். அப்புறம் அந்தச் சின்ன ரூமை ஒழிச்சுக் கொடுத்திருப்பேன்."

"ரெண்டு நாள்தானா? நான் ஒரு வாரம்னு கணக்குப் போட்டு வெச்சிருந்தேன்" என்றார். சிரிக்கத்தான் ஆரம்பித்தார். அது அழுகையாக மாறிவிட்டது. மே மாதம்கூட அவர் அழவில்லை.

முதல் தடவையே காதில் விழுந்துவிட்டது என்று அவரிடம் நான் சொல்லவில்லை.