லைலாக் இந்த வருஷம் பூக்காது

பாப்பா அம்மாவுக்கு,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகப் போடு. பாப்பா இன்னும் பால் தம்ளரைக் கண்டால் ஓடுகிறாளா?

இங்கே ஒரு சின்ன விஷயம். பயப்படாதே. முதலாளியம்மா வீட்டு வாசலில் ஊதாப் பூ பூக்கும் லைலாக் மரம் இருக்கிறது என்று எழுதியிருந்தேனே, அதை நம் மல்லிகைச் செடி மாதிரி நினைத்து, குளிர் முடியும் முன்பே ஒட்டக் கவாத்து செய்துவிட்டேன். மல்லிகை வெட்டினால் புதுத் துளிரில் பூக்கும். இந்த மகராசி போன வருஷமே கிளை நுனியில் மொட்டு வைத்துக்கொண்டு தூங்குகிறவள் என்று எனக்கு எப்படித் தெரியும்? எல்லா மொட்டையும் என் கையாலேயே வெட்டிக் குப்பையில் போட்டேன். இப்போது இலை மட்டும் தளதளவென்று வருகிறது.

பூ உதிர்ந்ததும் ஊருக்கு வர லீவு தருவதாக முதலாளியம்மா சொல்லியிருந்தார். திட்டவில்லை. "அந்தப் பூவுக்காகத்தானே உன்ன வச்சிருக்கேன்? அடுத்த வருஷம் பூக்க வச்சுட்டு ஊருக்குப் போப்பா" என்றார். வேலை போகவில்லை, அதுவே பெரிசு.

ஆனாலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போய்க் கிளையைத் தடவிப் பார்க்கிறேன். "என்னய்யா, மரத்துக்குக் காய்ச்சலா?" என்கிறார் மேஸ்திரி.

பாப்பாவுக்குக் கவுன் எடுத்து வைக்க வேண்டும். அவள் உயரத்தை நூலில் அளந்து, முடிச்சுப் போட்டு அனுப்பு. மேஸ்திரி கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

முடிச்சோடு நூலை வெட்டிவிடாதே. ஒரு சாண் கூடுதலாக விடு. நான் வருவதற்குள் வளர்ந்துவிடுவாள்.