இடது பக்கக் கண்ணாடி

2000 ஜூன் 12, திங்கள்

கார் வாங்கினால் மழையில் நனையாமல் பள்ளிக்கூடம் போகலாம் என்றுதான் வாங்கினோம். நனையவில்லை, உண்மைதான். இப்போது அவிகிறோம். இடது பக்கக் கண்ணாடி இன்று காலை இறங்க மறுத்துவிட்டது. அந்தக் கதவின் சுவிச்சுக்கும் அசையவில்லை, என் பக்கச் சுவிச்சுக்கும் அசையவில்லை. வலது பக்கம் மட்டும் ராசா மாதிரி ஏறி இறங்குது.

என் மனுசன் சஞ்சயன் ஹட்டன் வீட்டிலிருந்து வட்டவளைப் பள்ளிக்கூடம் வரைக்கும் சுவிச்சை அமத்திக்கொண்டே வந்தார். சரித்திரம் படிப்பிக்கிறவர். விட்டால் இதற்கும் போர்த்துக்கேயரைத்தான் காரணம் சொல்லுவார். நானோ விஞ்ஞானம். ஆண்டு பத்துக்கு மின்சுற்று நடத்துகிறவள். ஆகவே வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன்.

ஜூன் 14

ஹட்டனில் கார்ச் சாமான் கடை வைத்திருக்கிற நஸார் நானாவிடம் கொண்டுபோனேன். சுவிச்சை ஒருதரம் அமத்தினார். கதவில் காதை வைத்தார். டொக்டர்மார் மாதிரித் தலையை ஆட்டினார்.

"டீச்சர், மோட்டர் மவுத்து."

"வேற வழியே இல்லையா நானா?"

"மவுத்துக்கு என்ன மருந்து டீச்சர்? கொழும்புல இருந்து வேற எடுப்பிக்கணும்."

அடக்கத்துக்கு நாள் குறிக்காமல் வந்துவிட்டேன்.

ஜூன் 15

பக்கத்து வீட்டு மீனம்மாவின் தீர்ப்பு: "ஏன் டீச்சரம்மா இம்புட்டு யோசன? இந்தக் குளிருக்குக் கண்ணாடி எறங்காம இருக்கிறதே நல்லதுதானுங்களே." எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அப்படியே கிடக்கட்டும் என்று விட்டேன்.

ஜூன் 18, ஞாயிறு

கை ஓடேல்லை. ஆனாலும் எழுதவேணும்.

பொல்பிட்டியவில் பேரின்பநாயகம் அண்ணை வீட்டில் இன்று மத்தியானச் சாப்பாடு. இவரோடு ஒன்றாகப் படித்தவர், மின் நிலையத்தில் வேலை. ஹட்டன் தாண்டியதும் ஆமியின் சோதனைச் சென்றி. வழமையாக என் பக்கம் வந்து பார்த்துவிட்டு விடுவார்கள். இன்றைக்கு நின்ற பொடியன் இவர் பக்கம் போய்க் கண்ணாடியைத் தட்டினான். இறக்கச் சொல்லிக் கையால் காட்டினான்.

இவர் சுவிச்சை அமத்தினார். அமத்தினார். அமத்தினார்.

நான் என் பக்கக் கண்ணாடியை இறக்கி, அது பழுது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கத்தினேன். மழை இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை. அவன் இன்னும் பலமாகத் தட்டினான். இவர் பதறிப்போய்க் கதவைத் திறந்துவிட்டார். திறந்த வேகத்தில் கதவு அவன் முழங்காலில் போய் அடித்தது.

பிறகு அவன் துவக்கை நீட்டினான். இன்னும் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். இவரை இழுத்து இறக்கி, கையைத் தலையில் வைக்கச் சொல்லி, சேற்றில் முழங்காலில் இருத்தினார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அதை வாசித்த பிறகு இன்னும் கொஞ்ச நேரம். ஒரு பஸ் மெதுவாகப் போனது. எங்கட பள்ளிக்கூடப் பிள்ளையள் யன்னலால பார்த்துக்கொண்டு போகுதுகள். தங்கட சரித்திரச் சேரைப் பார்க்குதுகள்.

துவக்கை நீட்டிக்கொண்டு நின்ற பொடியனும் பயந்துபோய்த்தான் நின்றான். அதைக் கண்ட பிறகுதான் எனக்கு உண்மையாகப் பயம் பிடித்தது.

கடைசியில் அவர்களுக்குப் பெரியவன் ஒருவன் வந்தான். தானே காருக்குள் ஏறி இருந்து, கதவைச் சாத்தி, சுவிச்சை அமத்திப் பார்த்தான். அவனுக்கும் இறங்கவில்லை. "ஹதாகன்ன" என்றான். திருத்திக்கொள்ளட்டாம். போகச் சொன்னான்.

திரும்பி வந்துவிட்டோம். இவர் பொல்பிட்டியவுக்கு ரெலிபோன் எடுத்து, "கார்க் கண்ணாடி பழுது, வரேலாமப் போச்சு" என்று மட்டும் சொன்னார். பிறகு காற்சட்டையைத் தானே தோய்த்தார்.

ஏன் கதவைத் திறந்தனீங்கள்? — வாய் வரைக்கும் வந்தது. கேட்டிருந்தால் நான் மனுசியே இல்லை.

ஜூன் 19

இவர் பஸ்ஸில் போனார். "காருக்குள்ள மூச்சு முட்டுது" எண்டார்.

ஜூன் 23

இன்றைக்கும் பஸ். காரை வித்துப்போடுவமாம். தான் ஏறமாட்டேன் என்கிற காரை வேறு எவன் வாங்குவான் என்று நினைக்கிறார்? நான் விற்கமாட்டேன். அந்தக் கண்ணாடி இறங்காமல் விடமாட்டேன். விசர் பிடிச்ச கண்ணாடி.

ஜூன் 24, சனி

கதவின் உள் அட்டையைக் கழற்றினேன். கழற்றும்போது இரண்டு கிளிப் உடைந்தது. அது பரவாயில்லை, கராஜ்காரன் எவனும் உடைக்காமலா கழற்றுகிறான்? மோட்டாரின் வயரைப் பிரித்து, பற்றரியிலிருந்து நேரே கரண்ட் கொடுத்தேன். சர்ரென்று இறங்கியது. வயரை மாற்றிப் பிடித்தேன், ஏறியது. மவுத்தான மோட்டார்.

அப்படியானால் சுவிச். அதைக் கழற்றி வலது பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். அங்கே வேலை செய்கிறது. பியூஸும் நல்லம்.

மோட்டார் நல்லம், சுவிச் நல்லம், பியூஸ் நல்லம். எல்லாரும் நல்லவர்கள், காரியம் மட்டும் நடக்காது. எங்கள் பள்ளிக்கூட ஆசிரியர் கூட்டம் மாதிரி.

இவர் உள்ளே பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒரே பக்கத்தை.

ஜூன் 25, ஞாயிறு

பிடிச்சிட்டேன்.

வயரையும் சுவிச்சையும் திரும்பப் பூட்டி, கதவை அகலத் திறந்துவைத்து வேறு எதற்கோ குனிந்தபோது கை சுவிச்சில் பட்டது. கண்ணாடி ஒரு சாண் இறங்கியது. கதவைச் சாத்திவிட்டு அமத்தினால் இல்லை. திறந்தால் இறங்குது. கதவுக்கும் காரின் உடம்புக்கும் நடுவில் ஒரு றப்பர் குழாய், அதற்குள்ளால்தான் வயர்கள் போகின்றன. கதவைத் திறக்கத் திறக்க, சாத்தச் சாத்த, அவை மடிந்து நிமிருகின்றன. குழாயை இழுத்துப் பார்த்தேன். ஒரு வயரில் மேல் உறை முழுசாக இருக்கிறது, உள்ளே செம்பு அறுந்துபோய்க் கிடக்கிறது. திறந்தால் நுனிகள் முட்டும், சாத்தினால் விலகும்.

அதாவது, அன்றைக்கு இவர் கதவைத் திறந்த பிறகு அமத்தியிருந்தால் இறங்கியிருக்கும்.

இதை ஒருநாளும் இவருக்குச் சொல்லமாட்டேன்.

வயர் ஒட்ட, பள்ளிக்கூட ஆய்வுகூடத்து ஈயக்கோலை நாளைக்கு இரவல் எடுக்கவேணும்.

ஜூன் 27

அறுந்த இடத்தில் கொஞ்சம் தளர்வாக வேறு வயர் துண்டு வைத்து ஈயத்தால் ஒட்டி, மேலே வயர் ரேப் சுற்றினேன். ஏறுது, இறங்குது. நஸார் நானாவின் கடை வாசலில் நிறுத்தி அமத்திக் காட்டினேன். மனுசன் கொஞ்சமும் அசரவில்லை. "மவுத்தான மோட்டருக்கு ரூஹு திரும்பி வந்திருக்கு டீச்சர். சிலதுக்கு அப்படி வரும்."

ஜூலை 3

"திருத்தியாச்சு" என்றேன். "ம்" என்றார். பஸ்ஸுக்குப் போனார்.

இந்த 'ம்'முக்கு எந்த வயரை ஒட்டுறது?

ஜூலை 9, ஞாயிறு

பேரின்பம் அண்ணை திரும்பவும் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். இவர் பொல்பிட்டிய பஸ்ஸைத்தான் பார்ப்பார் என்று நினைத்தேன். நான் காரை எடுக்க, வந்து இடது பக்கம் ஏறி இருந்தார்.

சென்றி தெரிவதற்கு எவ்வளவோ முன்னாலேயே கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டார். நல்ல மழை. சென்றியில் நின்றவன் வேறு ஒருத்தன். குடைக்குள் நின்றபடியே கையை ஆட்டி விட்டான், எங்களைப் பார்க்கக்கூட இல்லை.

வட்டவளை தாண்டியும் கண்ணாடி இறங்கியபடியே. இவரின் தோள் நனைந்து ஊறிவிட்டது.

"ஏத்துங்கோவன், குளிருது."

"பொல்பிட்டியவிலயும் ஒரு சென்றி இருக்கெல்லோ. அது வருமட்டும் கிடக்கட்டும்."

கொஞ்சத் தூரம் ஓட்டினேன். பிறகு நானும் என் பக்கத்தை இறக்கிவிட்டேன். இவர் திரும்பிப் பார்த்தார்.

தண்ணீர் சொட்டச் சொட்ட இரண்டு பேரும் போய் இறங்கினோம். அண்ணையின் மனுசி வாசலில் எங்களைக் கண்டுவிட்டு, "இன்னும் அந்தக் கண்ணாடியைத் திருத்தேல்லையே?" என்று கேட்டா. நான் வாயைத் திறக்க முதல் இவர் சொன்னார்:

"திருத்தியாச்சு. இவதான் திருத்தினவ. துடைக்க ஒரு துவாய் தாங்கோ, இவவுக்கு முதல்."